பறங்கி வளவின் நடை

1

குடித்துவிட்டு பஸ் ஓட்டுகிறான் என்று என்மேல் முறைப்பாடு வந்தபோது நான் முதலில் சிரித்தேன். நோர்வேயின் பேர்கன் நகரத்தில் எங்களுடைய பஸ்களைக் குடித்தவன் கிளப்ப முடியாது. திறப்பைத் திருப்புவதற்கு முன் ஒரு குழாயில் ஊதவேண்டும். மூச்சில் கொஞ்சம் சாராயம் இருந்தாலும் எஞ்சின் அசையாது. தினமும் காலையில் ஊதி ஊதி ஒரு மெசினுக்கு என் ஒழுக்கத்தை நிரூபித்து வந்தவன் நான்.

முறைப்பாடு எழுதியவர் ஒரு வயதான பெண். அவர் பொய் சொல்லவில்லை. கடைசித் தரிப்பிடத்தில் இறங்கிக் கழிப்பறைக்குப் போனபோது நான் தள்ளாடி, பஸ்ஸின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது உண்மைதான். தரை மழையில் ஈரம், அதுதான் சறுக்குகிறது என்று நினைத்தேன். பேர்கனில் எதற்கும் மழைமேல் பழிபோடலாம், அதற்குக் குறைவே இல்லை. மேலாளர் நல்ல மனிதர், சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். "குடிக்கவில்லை என்று தெரியும். ஆனாலும் ஒருதடவை வைத்தியரிடம் காட்டுங்கள்."

வீட்டில் இந்தக் கதையைச் சிரிப்பாகச் சொன்னேன். சுகி சிரிக்கவில்லை. சுகி என் மனைவி, என் தாய்மாமனின் மகளும்கூட. கையில் இருந்த தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்துக்குக் கிட்ட வந்து மணந்து பார்த்தாள்.

"என்ன சுகி, நீயுமோ?"

"எனக்கு உந்த நடை தெரியும். உந்த நடையைப் பாத்துத்தான் நான் வளந்தனான்" என்றாள்.

தன் தகப்பனைச் சொன்னாள். மாமா பருத்தித்துறையில் பெயர்போன குடிகாரர். கடற்கரையில் இருந்து வீட்டுக்கு வருவதற்குள் மூன்று வேலிகளைப் பிடிப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னால் வந்து அவரைப்போல ஆடி நடந்து காட்டுவார்கள், அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் சுகியும் புத்தகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். எங்கள் திருமணம், சண்டை ஓய்ந்து ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், ஊரிலேயே நடந்தது. "அந்தாள் பந்தலுக்கை வரக்கூடாது" என்று ஒரே பிடியாக நின்றாள். தாரை வார்த்துக் கொடுத்தது அவளுடைய தாய்மாமன். மாமா பின்வாசல் படலையில் இருந்தார். சில வருடங்களில் துறைக்குப் பக்கத்தில், முழங்காலளவு தண்ணீரில் விழுந்து இறந்துபோனார். செத்தவீட்டுக்குச் சுகி போகவில்லை. எங்கள் வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூட இல்லை.

2

இங்கே வந்து எத்தனை காலமானாலும் வருத்தம், நோய் என்று வந்துவிட்டால் பாஷை கைவிட்டுவிடும். நரம்பு வைத்தியர், ஒரு சின்னப் பெண், என்ன பிரச்சினை என்று கேட்டார். "கால் சொல்வழி கேட்குதில்லை" என்பதை அப்படியே நோர்வே மொழியில் சொல்லிவைத்தேன். அவர் என் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கத் தொடங்கினார். இருவரும் சிரித்தோம். அந்த ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். மூக்கைத் தொட்டு, அவருடைய விரலைத் தொடச் சொன்னார். படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். வாரங்கள் கழித்துக் கூப்பிட்டு, என் வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னார். மூளையின் பின்பக்கத்தில் நடையையும் பேச்சையும் காக்கிற இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு போகும். நாற்பதிலோ ஐம்பதிலோ தொடங்கும். மருந்து இல்லை. தாய் தகப்பன் இருவரில் ஒருவருக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

பிறகு கேட்டார். "உங்கள் குடும்பத்தில் போர்த்துக்கேயர் யாராவது உண்டா?"

யன்னலைத் திறந்து, அலுமாரிக்குள் இருந்து சப்பாத்தை எடுக்கிற சனத்திடம் கேட்கிற கேள்வியா இது? அந்த மூன்றும் அவர்களுடைய சொற்கள்தான், எங்கள் வாயிலேயே பாதிப்பேர் குடியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் வாய்க்கு அப்பாலும் ஒருவர் உண்டு. பருத்தித்துறையில் எங்கள் காணிக்குப் பெயர் பறங்கி வளவு. இங்கிலீசுக்காரர் காலத்தில் கப்பல் கட்ட வந்த ஒரு பறங்கித் தச்சன், போர்த்துக்கேயன், ஊர்ப்பெண்ணைக் கட்டி அங்கே இருந்தான் என்பது வழிவழியாக வரும் கதை. அவனுடைய வெளிர்ந்த கண் எங்கள் வீட்டில் தலைமுறைக்கு ஒருவருக்கு வரும். அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் இருக்கிறது. அந்தக் கண்ணை வைத்து நாங்கள் அடித்துக்கொண்ட பெருமை கொஞ்சமல்ல.

அட்லாண்டிக் கடலில் போர்த்துக்கேயருடைய சில தீவுகளில் இந்த நோய் அதிகம், மாலுமிகளோடு பல நாடுகளுக்குப் போயிருக்கிறது என்றார் வைத்தியர். அவர்கள் கலப்பே இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு என்றும் நேர்மையாகச் சொன்னார். பிறகு ஒரு தாளை எடுத்துக் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் உள்ளவருக்குக் கறுப்பு. என் சதுரத்தைக் கறுப்பாக்கினார். அப்பா எண்பது தாண்டியும் நிமிர்ந்து நடந்தவர், அவர் வெள்ளை. அம்மா முப்பது கடந்த வயதில் ஷெல் விழுந்து போனவர், இருந்திருந்தால் எப்படி நடந்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது. அப்பா இல்லையென்றால் அம்மாதான் என்று அந்த வட்டத்தையும் கறுப்பாக்கினார். அம்மாவுக்கு ஷெல் போதாதென்று இதுவும்.

சுகி என் மாமன் மகள் என்றதும் எங்கள் இருவருக்கும் நடுவில், சொந்தத்துக்குள் திருமணம் என்பதற்கு, இரட்டைக்கோடு போட்டார். பேனா மாமாவின் சதுரத்தில் வந்து நின்றது.

"இவர், உங்கள் தாயின் சகோதரர்?"

"குடிகாரர்."

"அதைக் கேட்கவில்லை. எப்படி நடந்தார்?"

மாமா கறுப்பென்றால் சுகிக்கும் பாதி வாய்ப்பு. எங்கள் ஒரே மகள் தாரணிக்கு இரண்டு பக்கத்தாலும் வரலாம்.

3

சாரதி அனுமதிப்பத்திரம் போனது. அதன்பிறகு கடிதங்கள் வந்தன. நலன்புரி அலுவலகத்தில் இருந்து ஒன்று, நான் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று கேட்டது. இன்னொன்று, நான் எப்போது குணமாவேன் என்று எதிர்பார்ப்பதாகக் கேட்டது. அதை எழுதியவரின் அறைக்குப் போய் அவருடைய மேசையில் தலையை வைத்து அழவேண்டும்போல இருந்தது.

ஒரு கடிதம் பிள்ளைகளுக்கு உரியது. வயதுவந்த பிள்ளைகள் விரும்பினால் பரிசோதித்துக்கொள்ளலாம். தாரணி வேறு நகரத்தில் படிக்கிறாள். எங்களோடு கதைத்தால் முதல் வசனம் தமிழில் இருக்கும், கோபமோ அவசரமோ வந்தால் நோர்வே மொழிக்குப் போய்விடுவாள். அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கடிதத்தை வாசித்தபோது மட்டும் முழுவதும் தமிழில் கதைத்தாள். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"அப்பா, உங்கடை பக்கத்தாலை பாதி. அது விளங்குது. அம்மான்ரை பக்கத்தாலை என்ன?"

"ஒண்டுமில்லை" என்றாள் சுகி. "என்ரை அப்பா குடிச்சுச் செத்தவர். ஊருக்கே தெரியும்."

"சரியாத் தெரியாமல் நான் இரத்த ரெஸ்ட் எடுக்கமாட்டன். அம்மா, நீங்களாவது எடுங்கோ."

"எனக்கு என்னத்துக்கு? குடிகாரன்ரை பிள்ளைக்கு என்ன வருத்தம்?"

இத்தனை காலமும் அந்தக் குடியைச் சபித்தவள் இப்போது அதையே பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அதைத்தான் பிடித்திருந்தேன். மாமா அசல் குடிகாரராக இருக்கவேண்டும், நாள் முழுவதும் கள்ளுத் தவறணையிலேயே கிடந்தவராக இருக்கவேண்டும் என்று வல்லிபுரத்தானுக்கு நேர்த்திவைத்தேன். ஒரு மனிதர் குடித்தே செத்திருக்கவேண்டும் என்று கோயிலுக்கு நேர்ந்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சுகியின் தாய், என் மாமி, பருத்தித்துறையில் இன்னும் இருக்கிறார். தொலைபேசியில் இதைக் கேட்க முடியாது. தடி ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டேன்.

4

எங்கள் பக்கத்தில் வருத்தத்தைப் பற்றி விசாரித்தால் எல்லா வாயும் மூடிக்கொள்ளும், ஏனென்றால் எல்லா வீட்டிலும் கட்டிக்கொடுக்க ஒரு பிள்ளை இருக்கும். பறங்கியைப் பற்றி விசாரித்தால் வாய் மூடாது. ஆகவே பூட்டனுக்குப் பூட்டனைத் தேடி வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். பொய்யும் இல்லை. இந்தக் காலைத் தந்தவனை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்ற வெறியும் உள்ளே இருந்தது.

அப்பாவின் பக்கத்து உறவான குகன் அண்ணை தன் ஓட்டோவில் என்னை ஏற்றித்திரிந்தார்.

"ஏன்ரா, போர்த்துக்கல் பாஸ்போட் எடுக்கப் போறியோ? உனக்கு நோர்வே காணாதோ?"

"கிடைச்சால் உங்களுக்கும் ஒண்டு எடுத்துத் தாறன் அண்ணை."

"எனக்கு வேண்டாம். அவங்கள் திரும்பி வந்து வளவைக் கேக்காமல் விட்டால் காணும்."

பறங்கி வளவு சீதனக் காணி. தாய்க்கு வந்தது மகளுக்கு, மகளுக்கு வந்தது அவள் மகளுக்கு என்று கைமாறி வந்தது. ஒவ்வொரு கலியாணத்துக்கும் ஒரு சீதன உறுதி, காணிப் பத்திரம், முடித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் காணிப் பதிவகத்தில் அந்த உறுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தபோது எங்கள் குடும்பத்துப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அம்மா, அம்மம்மா, அவருடைய தாய், அதற்கும் மேலே "மனுவேல் மகள் வள்ளியம்மை". அந்தப் பெயரில் தகப்பன் வேதம், அதாவது கிறிஸ்தவம், மகள் சைவம். அதற்கு முந்திய புத்தகம் சண்டையில் போய்விட்டது என்றார் எழுதுவினைஞர்.

ஒவ்வொரு பெயருக்கும் மனதுக்குள் வட்டம் போட்டேன். அம்மம்மா கடைசி வருடங்களில் கட்டிலைவிட்டு எழும்பாதவர். "அது வாதம்" என்றார்கள் சொந்தக்காரர். அவருடைய தாய் கிணற்றடியில் அடிக்கடி விழுந்தவர். "அவவுக்கு ஆரோ செய்வினை செய்தது." பறங்கியின் கண்ணைப் பற்றி அரைமணி நேரம் பெருமைப்பட்ட அதே வாய்கள், இந்த இரண்டு வார்த்தைக்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வளவு எந்த வழியால் வந்ததோ அதே வழியால் இதுவும் வந்திருக்கிறது. வளவுக்கு உறுதி முடித்ததைப்போல அதற்கு யாரும் முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பழைய தேவாலயத்தில் பாதர் ஒருவர் பொறுமையாகத் தேடித் தந்தார். கரையான் தின்றது போக மிச்சமிருந்த விவாகப் பதிவு. மனுவேல், கப்பல் தச்சன். பிறந்த இடத்தில் ஒரு தீவின் பெயர். பாதர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். வைத்தியர் சொன்ன தீவுகளில் ஒன்று அது. பக்கத்தில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்தேன்.

"சந்தோசம்தானே தம்பி? ஆளைக் கண்டுபிடிச்சிட்டியள்" என்றார் பாதர்.

"இவர் எப்பிடிச் செத்தவர் எண்டு இருக்கோ பாதர்?"

"இல்லைத் தம்பி. பேரும் ஊரும் தொழிலும்தான்."

எந்தப் பதிவிலும் அவன் எப்படி நடந்தான் என்று இல்லை. பலகையை நேராக அறுத்தானா, கடைசிக் காலத்தில் கை நடுங்கியதா, கடல் இல்லாத தரையிலும் கப்பலில் நடப்பவன்போல நடந்தானா, யாருக்குத் தெரியும்? அவன்மேல் கோபப்படத்தான் தேடிப்போனேன். கிடைத்தது ஒரு தச்சனின் பெயர். பாவம், அவனும் யாரிடமோ இருந்து வாங்கி வந்தவன்தானே. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து, பாஷை தெரியாத ஊரில், தன் பிள்ளைகள் தன் சாமியையும் மறந்துபோவதைப் பார்த்துக்கொண்டு இருந்தவன். அவனை எனக்கு நன்றாகத் தெரியும்போல இருந்தது.

5

மாமியிடம் போவதைக் கடைசிவரை தள்ளிப்போட்டேன். படலையில் ஓட்டோவை நிற்பாட்டச் சொல்லி, தடியை வேண்டுமென்றே உள்ளே வைத்துவிட்டு இறங்கினேன். மாமி வாசலில் கதிரையில் இருந்தார். படலையில் இருந்து வாசல்வரை நான் நடந்தேன், என்னால் முடிந்தவரை நேராகத்தான் நடந்தேன்.

மாமி எழும்பவில்லை. "வா தம்பி" என்றும் சொல்லவில்லை. நான் தூணைப் பிடித்தபோது அவருடைய வாய் கோணிக்கொண்டு வந்தது.

"தம்பி, நீ குடிக்கிறனியோ?"

"இல்லை மாமி."

"ஓமெண்டு சொல்லடா ராசா. குடிக்கிறனான் எண்டு ஒருக்காச் சொல்லு."

மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

"மாமா குடிச்சவரோ மாமி?"

"கையாலையும் தொடாத மனிசன். சுகிக்கு ஏழெட்டு வயசிருக்கேக்கை நடை பிசகிச்சுது. என்ரை மாமிக்காறி, உன்ரை அம்மம்மாவும் உப்பிடித்தானே கிடந்து செத்தவ, எனக்கு விளங்கிட்டுது. வருத்தக்காற வீடு எண்டு பேர் வந்தால் பொம்பிளைப்பிள்ளையை ஆர் எடுப்பினம்? குடிகாறன்ரை மோளெண்டால் எடுப்பினம். அவர்தான் சொன்னவர், எனக்குக் குடிகாறன் எண்டு பேர் வரட்டும், பிள்ளை கரைசேரட்டும் எண்டு."

"ஊர் நம்பிச்சுதே?"

"நம்பாமல்? சாராயத்தை வாங்கி வைச்சு, வெளிக்கிடேக்கை சேட்டிலை தெளிச்சு விடுவன். வாயையும் கொப்பளிக்கச் சொல்லுவன். அவருக்கு ஓங்காளிச்சுச் சத்தி வரும். கொப்பளிச்சுத் துப்பிப்போட்டு, சரி எண்டு வெளிக்கிடுவார். உங்கடை கலியாணத்தண்டும் தெளிச்சுவிட்டது நான்தான்."

பின்படலையில் இருந்த மாமாவை நினைத்தேன். மாலையோடு நான் அந்தப் பக்கம் பார்த்தபோது கையை உயர்த்தினார். வெறியில் ஆட்டுகிறார் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் மாமி எனக்குச் சுகியைத் தந்தனீங்கள்?" என்று கேட்டேன். "என்ரை அம்மாவும் அதே வயித்துப் பிள்ளைதானே?"

"உன்ரை கொம்மா நல்லா நடந்தவள். உன்னிலை வராதெண்டு நினைச்சன். வளவும் வெளியாலை போகாது. வெளியிலை குடுத்து நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் எண்டால் பழி கேப்பாங்கள். எங்களுக்குள்ளை எண்டால் ஆர் ஆரைக் கேக்கிறது?"

அதுதான் எங்கள் ஆட்களின் கணக்கு. மறைக்கவேண்டியதை வெளியே விடாமல் உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொடுத்தார்கள். ஒரு பக்கம் பாதி என்றிருந்ததை என் பிள்ளைக்கு இரண்டு பக்கமாக்கி, மேளம் கொட்டித் தாலி கட்டிவைத்தார்கள். மாமியைத் திட்டவேண்டும் என்று வாய் துடித்தது. வாழ்நாள் முழுவதும் புருசனின் சட்டையில் சாராயம் தெளித்த அந்தக் கைகளைப் பார்த்ததும் திட்டாமல் விட்டேன்.

புறப்படும்போது மாமாவின் படம் ஒன்றை எடுத்துத் தந்தார். சவுக்காரத்தில் தோய்த்த வெள்ளைச் சேட்டோடு, வள்ளம் ஒன்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாமா நிற்கிறார்.

"சுகிக்குச் சொல்லப்போறியோ?" என்று கேட்டார். சொல்லாதே என்று சொல்லவில்லை.

6

வழி முழுவதும் ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டு வந்தேன். மாமா குடித்தவர்தான், மாமியே சொன்னார். தாரணிக்கு ஒரு பக்கத்துப் பயம் மட்டும் போதும். விமானத்தில் அந்தப் பொய் நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த சுகி என் பையை வாங்கிக்கொண்டே, "அம்மா என்ன சொன்னவ?" என்று கேட்டாள். படத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மாமா குடிக்கேல்லை, சுகி. ஒருநாளும் குடிக்கேல்லை."

சாராயம் தெளித்த கதையைச் சொன்னேன். அவள் கையை நீட்டிப் படத்தை வாங்கினாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"நான் அந்த மனிசனைப் பந்தலுக்கை வரவிடேல்லையே. எனக்காகத்தானே. என்ரை அப்பா எனக்காகத்தானே."

சாமிப்படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து விளக்கேற்றினாள். அவள் அப்படி அழுது நான் கண்டதில்லை. துக்கம்தான், ஆனால் அதற்குள் ஒரு சந்தோசமும் இருந்தது, ஒரு நல்ல தகப்பன் திரும்பக் கிடைத்த சந்தோசம். அது முடியுமட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரமாவது அவளுக்கு அது கிடைக்கட்டும் என்று இருந்தேன்.

பிறகு அவள் திரும்பினாள்.

"அப்ப, அப்பா ஏன் அப்பிடி நடந்தவர்?"

கேட்டு முடிக்கும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன்னுடைய கால்களைப் பார்த்தாள்.

அந்த நேரம் தாரணி தொலைபேசி எடுத்தாள். நான் வந்து இறங்குகிற நேரம் அவளுக்குத் தெரியும். சுகி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"பிள்ளைக்குச் சொல்லாதையுங்கோ. குடிச்சவர் எண்டே சொல்லுங்கோ. என்ரை அப்பா பெரிய குடிகாறன் எண்டு சொல்லுங்கோ."

மாமியின் குரல் அப்படியே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறைத்து மறைத்துத்தான் இது எங்கள் வளவில் இவ்வளவு காலம் குடியிருந்திருக்கிறது. என் பிள்ளையிலிருந்தாவது அது மறைவில்லாமல் இருக்கட்டும்.

"பிள்ளை, அம்மப்பா குடிக்கேல்லை" என்றேன்.

நோர்வே மொழியில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"அப்பா," என்றாள் தாரணி, தமிழில். "அம்மா எப்பிடி நடக்கிறா?"

சுகிக்கும் அது கேட்டது. கண்ணைத் துடைத்தாள். சாமிப்படத்தடியில் இருந்து யன்னல்வரைக்கும், சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதையும் தொடாமல், நான் பார்க்கவேண்டும் என்று நடந்தாள். யன்னலடியில் நின்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

நேராகத்தான் நடக்கிறா பிள்ளை, என்று சொன்னேன். நேராகத்தான் நடந்தாள். எனக்கு நேராகத்தான் தெரிந்தது.